துருவைப் பூசி மறைக்கலாமா?

கார்க் கதவுக்குக் கீழே ஒரு சின்னக் கொப்புளம்.

கடலைப் பருப்பு அளவுதான் இருக்கும். விரலால் அழுத்தினால் 'பொதுக்' என்று உள்ளே போகிறது. வண்ணப் பூச்சு உதிர்கிறது. உள்ளே பார்த்தால் இரும்பைக் காணோம்! செம்மண் போன்ற தூள்தான் கொட்டுகிறது.

பழைய கார் வைத்திருக்கும் குடும்பங்களுக்கு இந்தக் காட்சி புதிது அல்ல. அது துரு!

அதை என்ன செய்வது? மேலே பூசி மறைப்பதா? அல்லது வெட்டி எடுத்துப் புதுத் தகடு வைப்பதா?

கேள்வி சிறியதுதான். ஆனால் அதற்குச் சொல்லும் பதிலில் குடும்பத்தின் பணமும் இருக்கிறது, உயிரும் இருக்கிறது.

மாசிலாமணி ஊர்

சென்னைக்கு மேற்கே, அம்பத்தூருக்கும் ஆவடிக்கும் நடுவே இருக்கும் ஊர் திருமுல்லைவாயில். இங்கே கோவில் கொண்டிருக்கும் ஈசனுக்கு மாசிலாமணீசுவரர் என்று பெயர். மாசு இல்லாத மணி என்பது அதன் பொருள்.

அந்தக் கோவிலுக்கு ஒரு கதை உண்டு.

தொண்டைமான் படையோடு வந்தான். அவனுடைய யானையின் காலை முல்லைக் கொடி சுற்றிக்கொண்டது. வாளை உருவிக் கொடியை வெட்டினான். ரத்தம் பீறிட்டது! திடுக்கிட்டுப் பார்த்தால், கொடிக்குள் ஒரு சிவலிங்கம். அந்த வெட்டுக் காயத்துக்காகத்தான் லிங்கத்துக்கு இன்றும் சந்தனம் சாத்துகிறார்கள் என்பது ஊர் வழக்கு.

சந்தனம் குளிர்ச்சியானது. காயத்துக்கு இதம் தரும். ஆனால், இரும்பில் உண்டான காயத்துக்கு மேல்பூச்சு மருந்தாகுமா?

ஆகாது என்று அடித்துச் சொல்வார்கள், இதே ஊர்ப் பக்கம் இரும்போடு வாழ்கிறவர்கள்.

இரும்பு தெரிந்த வட்டாரம்

இந்த வட்டாரத்துக்கு இரும்பு நெடுநாள் உறவு.

அம்பத்தூரில் 1949-ல் டி.ஐ. சைக்கிள் தொழிற்சாலை வந்தது. 1960-களில் அம்பத்தூர்த் தொழிற்பேட்டை வந்தது. ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலை வந்தது. 1965-ல் அங்கிருந்து 'விஜயந்தா' டாங்கி வெளிவந்தது.

கார் செய்வதும் சென்னைக்குப் பழைய தொழில்தான். குதிரை வண்டி கட்டி வந்த சிம்சன் கம்பெனியைச் சேர்ந்த சாமுவேல் ஜான் கிரீன் என்பவர், 1903-ல் சென்னையிலேயே நீராவியில் ஓடும் காரைக் கட்டிக் காட்டினார். பிற்காலத்தில் வண்டலூரில் ஸ்டாண்டர்டு ஹெரால்டு கார்கள் உருவாயின.

"இரும்பு பிடித்த கையும் சிரங்கு பிடித்த கையும் சும்மா இருக்காது" என்பார்கள். பெரிய தொழிற்சாலைகளைச் சுற்றி ஆயிரம் சின்னப் பட்டறைகள் முளைப்பது வழக்கம். கார் உடம்பை நிமிர்த்தும் டிங்கர் பட்டறையும் அவற்றில் ஒன்று. மேலே தகரக் கூரை, உள்ளே கேஸ் சிலிண்டர், சுத்தியல், உப்புத்தாள். இவ்வளவுதான் பட்டறை.

பட்டறையில் ஒரு பேச்சு

இப்படிப்பட்ட பட்டறைகளில் அடிக்கடி நடக்கும் பேச்சு இது.

இருபது ஆண்டுக்கு முன் வாங்கிய ஒரு மாருதி 800. கணவனும் மனைவியும் கொண்டுவந்து நிறுத்துகிறார்கள்.

"பட்டி பார்த்து, பெயிண்டு அடித்து நாளைக்கே கொடுத்துவிடுங்கள் மேஸ்திரி. ஞாயிற்றுக்கிழமை பையனுக்குப் பெண் பார்க்கக் காஞ்சிபுரம் போக வேண்டும்" என்கிறார் கணவர்.

மேஸ்திரி தரையில் படுத்து வண்டியின் அடியைப் பார்க்கிறார். திருப்புளியின் பிடியால் தட்டுகிறார். 'டங், டங்' என்று வந்த சத்தம், ஓர் இடத்தில் 'தொப்' என்று மாறுகிறது.

"நாளைக்கே கொடுக்கலாம் சார். மினுமினு என்று இருக்கும். ஆனால் அடுத்த மழை வரைக்கும்தான்" என்கிறார்.

"வெட்டி எடுத்தால்?"

"நாலைந்து நாள் ஆகும். பணமும் கூடுதலாக ஆகும்."

கணவர் தலையைச் சொறிகிறார். அப்போது மனைவி கேட்கிறார்:

"அண்ணே, இது உங்கள் வண்டியாக இருந்தால் என்ன செய்வீர்கள்?"

மேஸ்திரி சிரித்துவிட்டார்.

"வெட்டித்தான் எடுப்பேன் அம்மா. என் பிள்ளையும் அதிலேதானே உட்காருவான்?"

அந்த அம்மாள் கேட்டதுதான் சரியான கேள்வி. மேஸ்திரி சொன்னதுதான் சரியான பதில். ஏன் என்று பார்க்கலாம்.

துரு என்பது என்ன?

இரும்பைத் தின்பதற்கு இரண்டு பேர் சேர வேண்டும். ஒன்று தண்ணீர். மற்றொன்று காற்றில் இருக்கும் ஆக்சிஜன். இரண்டும் இரும்போடு சேர்ந்தால் துரு பிறக்கிறது. உப்பும் கூடச் சேர்ந்துகொண்டால் வேலை இன்னும் வேகமாக நடக்கிறது. கடலோர ஊர்களில் ஜன்னல் கம்பி சீக்கிரம் இற்றுப் போவது அதனால்தான்.

அலுமினியமும் காற்றோடு சேர்ந்து மாறத்தான் செய்கிறது. ஆனால், அதன்மேல் உண்டாகும் மெல்லிய படலம் கெட்டியாக ஒட்டிக்கொண்டு உள்ளே இருப்பதைக் காப்பாற்றுகிறது.

இரும்பின் துருவுக்கு அந்த நல்ல குணம் கிடையாது. அது பொறைபொறையாக இருக்கும். ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். உதிர்ந்து விழும். விழுந்த இடத்தில் மறுபடி புது இரும்பு தெரியும். அதையும் தின்னத் தொடங்கும்!

இன்னொரு சங்கதியும் உண்டு. துருவாக மாறிய இரும்பு, பழைய இடத்தில் அடங்காது. உப்பிப் பெருகும். அதனால்தான் வண்ணப் பூச்சு கொப்புளிக்கிறது. கொப்புளம் வெளியே தெரிகிறது என்றால், உள்ளே நோய் பரவி நெடுநாள் ஆயிற்று என்று பொருள்.

துருவை வென்ற இரும்பே இல்லையா? இருக்கிறது. டில்லியில் குதுப்மினாருக்குப் பக்கத்தில் நிற்கும் இரும்புத் தூண், குப்தர் காலத்தது. ஏறத்தாழ 1,600 ஆண்டு மழையையும் வெயிலையும் தாங்கி நிற்கிறது. அந்தக் காலத்துக் கொல்லர் உருக்கிய இரும்பில் பாஸ்பரஸ் அதிகம். அது மேலே ஒரு காப்புப் படலத்தை உண்டாக்கியது. கான்பூர் ஐ.ஐ.டி. பேராசிரியராக இருந்த ஆர். பாலசுப்பிரமணியம் இதை ஆராய்ந்து விளக்கினார்.

கார்த் தகடு அப்படிப்பட்டது அல்ல. அது ஒரு மில்லிமீட்டர் கனத்தை ஒட்டி இருக்கும். பல கார்களில் அதற்கும் குறைவு. அதற்குக் காவல் மேலே இருக்கும் பூச்சுதான். பூச்சில் ஒரு கீறல் விழுந்தால் போதும். திருடனுக்குக் கதவு திறந்த மாதிரி!

ஒளிந்திருக்கும் இடங்கள்

திருடன் நடு முற்றத்தில் ஒளிவதில்லை. துருவும் அப்படித்தான். பளபளப்பான கூரையில் அது வருவது குறைவு. தண்ணீரும் சேறும் தங்குகிற மூலைகளில்தான் குடியிருக்கும்.

சக்கரத்துக்கு மேலே இருக்கும் மட்கார்டின் உள்விளிம்பு முதல் இடம். சக்கரம் வாரி அடிக்கும் சேறு அங்கே அப்பிக்கொள்ளும்.

கதவின் அடிப்பாகம் இரண்டாவது இடம். கண்ணாடி வழியாக இறங்கும் மழைத் தண்ணீர் வெளியேறுவதற்காக, கதவுக்கு அடியில் சிறு துளைகள் வைத்திருப்பார்கள். அவை தூசியால் அடைபட்டால், கதவுக்குள் குளம் கட்டும்.

கதவுக்குக் கீழே, முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் நடுவே ஓடும் ரன்னிங் போர்டு மூன்றாவது இடம். அது உள்ளே குழாய் போலக் காலியாக இருக்கும். உள்ளே போன ஈரம் எளிதில் காய்வதில்லை.

கால்விரிப்புக்கு அடியில் இருக்கும் தரைத் தகடு, பாட்டரி உட்காரும் தட்டு, டிக்கியில் உபரிச் சக்கரம் வைக்கும் குழி, முன்கண்ணாடியைச் சுற்றியுள்ள ரப்பரின் அடிப்பக்கம் ஆகியவையும் துருவுக்குப் பிடித்த இடங்கள். பாட்டரியிலிருந்து கசியும் அமிலம் பூச்சையே தின்றுவிடும்.

உடம்பே எலும்பு

"தகட்டில் ஓட்டை விழுந்தால் என்ன? என்ஜின் நன்றாக ஓடுகிறதே!" என்று சொல்பவர்கள் உண்டு. அது பெரிய தவறு.

லாரிக்குத் தனியாக சேஸிஸ் உண்டு. உடம்பு அதன்மேல் உட்கார்ந்திருக்கும். பழைய ஹெரால்டு காரும் அப்படித்தான். ஆனால் அம்பாசடர், பத்மினி, மாருதி 800 போன்ற கார்களில் அப்படித் தனி சேஸிஸ் கிடையாது. தரை, ரன்னிங் போர்டு, தூண், கூரை எல்லாம் ஒன்றாக வெல்டு செய்யப்பட்டு, அந்தக் கூடே வண்டியின் பாரத்தைத் தாங்குகிறது. அங்கே உடம்புதான் எலும்பு!

தரைத் தகடு இற்றுப்போனால், அதில் முடுக்கிய இருக்கை ஆட்டம் காணும். பெல்ட்டைப் பிடித்திருக்கும் இடம் இற்றால், மோதும்போது பெல்ட்டு பிடுங்கிக்கொண்டு வரும். ரன்னிங் போர்டு இற்றால், சக்கரம் மாற்ற ஜாக்கியை வைக்கும்போது வண்டி உள்ளே அமுங்கும். பக்கவாட்டில் இன்னொரு வண்டி மோதினால் தடுக்க வேண்டிய சுவரும் அதுதான்.

அது வெறும் அழகு விஷயம் அல்ல. வீட்டில் எல்லாரும் ஏறிப் போகும் வண்டியின் பலம் பற்றிய விஷயம்.

பட்டி செய்யும் மாயம்

பட்டி என்பது கெட்ட பொருள் அல்ல. சுவரில் வெள்ளையடிக்கும் முன் பட்டி பார்ப்பதில்லையா? அதுபோல, தகட்டில் இருக்கும் சிறு மேடு பள்ளத்தைச் சமன் செய்ய அது வேண்டும். கெட்டியான, சுத்தமான இரும்பின்மேல், மெல்லியதாகப் பூச வேண்டும். அதுதான் பட்டியின் வேலை.

ஆனால் சில இடங்களில் நடப்பது என்ன? ஓட்டைக்குள் வலைக்கம்பியைத் திணிக்கிறார்கள். காகிதத்தை அடைக்கிறார்கள். அதன்மேல் பட்டியை விரற்கடை கனத்துக்கு அப்புகிறார்கள். தேய்த்து, பெயிண்டு அடித்து, மெருகேற்றி நிறுத்துகிறார்கள். பார்ப்பதற்குப் புதுமாப்பிள்ளை போல இருக்கும்!

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியுமா?

பட்டிக்கு இரும்பின் பலம் கிடையாது. வண்டி குலுங்கும்போது அது வெடிக்கும். வெடிப்பின் வழியாகத் தண்ணீர் இறங்கும். பட்டியும் ஈரத்தை இழுத்துப் பிடிக்கும். பின்பக்கம் இருக்கும் துரு யாருடைய தொந்தரவும் இல்லாமல் நிம்மதியாகத் தின்னும். அடுத்த ஆண்டு வெட்டும்போது, கையளவு ஓட்டை முழ அளவு ஆகியிருக்கும்.

முதலில் மிச்சம் பிடித்த பணம், பிறகு வட்டியோடு போகிறது.

சரியான வேலை எப்படி நடக்கும்?

நல்ல டிங்கர் முதலில் பாட்டரியின் இணைப்பைக் கழற்றுவார். வேலை நடக்கும் இடத்துக்குப் பக்கத்தில் பெட்ரோல் டாங்கி இருந்தால், அதை இறக்கி அப்பால் வைப்பார். "டாங்கி காலியாகத்தானே இருக்கிறது" என்று விடக்கூடாது. காலி டாங்கிக்குள் தங்கும் ஆவிதான் தீப்பொறி பட்டதும் வெடிக்கும். இருக்கையும் கால்விரிப்பும் வெளியே வரும். தண்ணீரும் மணலும் தீயணைக்கும் கருவியும் கையெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும்.

பிறகு பூச்சைச் சுரண்டி, நோய் எதுவரை பரவியிருக்கிறது என்று பார்ப்பார். கொப்புளம் ஓர் அங்குலம் என்றால், துரு பெரும்பாலும் அதைத் தாண்டிப் போயிருக்கும். பளிச்சென்று வெள்ளையாக, கெட்டியான இரும்பு தெரிகிற வரை வெட்டுவார். பாதித் துருவை விட்டுவைத்து வெல்டு வைத்தால், பற்றாது. மெலிந்த தகடு உருகி ஓடிவிடும்.

வெட்டிய ஓட்டையின்மேல் ஓர் அட்டையை வைத்து அளவு எடுப்பார். தையற்காரர் துணி வெட்டுவதுபோல, அதே கனமுள்ள புதுத் தகட்டில் அந்த வடிவத்தை வெட்டுவார். சுத்தியலால் தட்டித் தட்டி, பழைய வளைவைக் கொண்டுவருவார். இங்கேதான் கைத்திறன் தெரியும். அம்பாசடர் மட்கார்டின் உருண்டையை இரும்புக் கட்டையும் சுத்தியலும் கொண்டு கையாலே கொண்டுவருவது சிற்ப வேலைக்குச் சமம்.

அடுத்தது வெல்டிங். ஒரே மூச்சில் நீளமாகப் பற்றவைத்தால், சூட்டில் தகடு அப்பளம் போலச் சுருளும். ஆகவே இங்கே ஒரு புள்ளி, அங்கே ஒரு புள்ளி என்று மாற்றி மாற்றி வைத்து, ஆறவிட்டு, இடைவெளியை நிரப்ப வேண்டும். கேஸ் வெல்டிங்கில் சூடு அகலமாகப் பரவும். கார்பன்-டை-ஆக்சைடு வாயுவோடு கம்பி ஊட்டி வைக்கும் வெல்டிங்கில் சூடு சிறு இடத்தில் அடங்கும். மெல்லிய தகட்டுக்கு அது நல்லது.

இவ்வளவும் முடிந்தால் பாதி வேலைதான் முடிந்தது!

வெல்டு வைத்த இடம் மறுபடி துருப்பிடிக்க மிகவும் ஏற்ற இடம். ஆகவே தேய்த்துச் சுத்தம் செய்த அன்றே பிரைமர் பூச வேண்டும். துத்தநாகம் கலந்த பிரைமர் நல்ல காவல். துத்தநாகம், இரும்புக்கு முன்னால் தான் அழிந்து, இரும்பைக் காப்பாற்றும் குணம் உடையது. இணைப்புகளை நீர் புகாத பசையால் அடைக்க வேண்டும். அதன் பிறகே மெல்லிய பட்டி, நீர்த்தாள் தேய்ப்பு, மறுபடி பிரைமர், கடைசியில் வண்ணம்.

எல்லாரும் மறப்பது ஒன்று உண்டு. அது தகட்டின் பின்பக்கம்! வெளியே எவ்வளவு அழகாகப் பூசினாலும், ரன்னிங் போர்டின் உள்ளே வெறும் இரும்பாக இருந்தால் பயன் இல்லை. உள்ளே மெழுகு கலந்த எண்ணெயைப் பீய்ச்ச வேண்டும். தண்ணீர் வெளியேறும் துளைகளை மூடிவிடக் கூடாது.

வெல்டு வைக்கும் முன்பும், பிரைமர் அடித்த பின்பும், பட்டி போடும் முன்னால் வண்டிக்காரர் ஒருமுறை வந்து பார்ப்பது நல்லது. நல்ல தொழிலாளி அதை வரவேற்பார். மறைப்பவர்தான் தயங்குவார்.

ரெயில் பெட்டி சொல்லும் பாடம்

இது சின்னப் பட்டறைக்காரர் வயிற்றுப் பிழைப்புக்காகச் சொல்லும் கதை அல்லவா என்று சிலர் நினைக்கலாம்.

திருமுல்லைவாயில் ரெயில் நிலையத்தில் நின்று பார்த்தால் அந்தச் சந்தேகம் தீரும். அந்த வழியே ஓடும் ரெயில் பெட்டிகளின் கதையும் துருக் கதைதான்!

பெரம்பூரில் ரெயில் பெட்டித் தொழிற்சாலையை 1955 அக்டோபர் 2-ந் தேதி பிரதமர் நேரு தொடங்கி வைத்தார். அங்கே உருக்குத் தகட்டால் பெட்டிகள் செய்தார்கள். அந்தப் பெட்டிகளுக்கும் துரு வந்தது. எங்கே? கழிப்பறைக்கு அடியில், கதவு வாசலில், பக்கச் சுவரின் அடி ஓரத்தில். ஈரம் தங்கிய இடங்கள்!

ரெயில்வே என்ன செய்தது? பெட்டிகளைக் குறித்த காலத்துக்கு ஒருமுறை பெரம்பூர் கேரேஜ் தொழிற்சாலை போன்ற இடங்களுக்கு வரவழைத்தது. தரையைத் திறந்து பார்த்தது. துருப்பிடித்த தகட்டை வெட்டி எடுத்துப் புதியது வைத்து வெல்டு செய்தது. லட்சக்கணக்கான மக்கள் பயணம் செய்யும் பெட்டியில், பூசி மறைக்கும் பேச்சுக்கே இடம் இல்லை.

அதோடு நிற்கவில்லை. பிறகு துருப்பிடிக்காத எஃகு உடம்பு கொண்ட எல்.எச்.பி. பெட்டிகள் வந்தன. பெரம்பூர்த் தொழிற்சாலை பழைய வகைப் பெட்டி செய்வதையே 2018 ஜனவரியோடு நிறுத்திவிட்டது.

பெட்டி பெரியது, கார் சிறியது. ஆனால் விதி ஒன்றுதான்.

வெள்ளம் விட்டுச் சென்ற விதை

2015 டிசம்பரில் சென்னையை வெள்ளம் சூழ்ந்தது. 2023 டிசம்பரில் 'மிச்சாங்' புயல் மழை. இரண்டு முறையும் தெருவில் நின்ற கார்கள் தண்ணீரில் மூழ்கின. அம்பத்தூர், கொரட்டூர் பக்கமும் தண்ணீர் தேங்கியது.

பலர் என்ஜினை மட்டும் பழுதுபார்த்து எடுத்துக்கொண்டார்கள். கால்விரிப்புக்கு அடியில் இருக்கும் பஞ்சு மெத்தை, மாதக் கணக்கில் ஈரத்தைப் பிடித்து வைத்திருக்கும். கதவுக்குள்ளும் ரன்னிங் போர்டுக்குள்ளும் போன சேறு அங்கேயே இறுகிக் கிடக்கும். வெள்ளம் வடிந்த பிறகும், துரு வடிவதில்லை!

இனி மழைக் காலம் முடிந்ததும் ஒவ்வொரு வண்டிக்காரரும் ஒரு காரியம் செய்யலாம். கால்விரிப்பைத் தூக்கி வெயிலில் போட வேண்டும். கதவின் அடித் துளைகளை ஒரு குச்சியால் குத்திவிட வேண்டும். மட்கார்டின் உள்பக்கம் தண்ணீரைப் பீய்ச்சிச் சேற்றைக் கழுவ வேண்டும். கீறலைக் கண்டால் அன்றைக்கே பூச்சுத் தொட்டு வைக்க வேண்டும். இதற்கு ஆகும் செலவு மிகக் குறைவு.

பழைய கார் வாங்குவோரும் ஏமாறாமல் இருக்க வழி உண்டு. சின்னக் காந்தம் ஒன்றை மெல்லிய துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு போனால் போதும். நல்ல இரும்புத் தகட்டில் காந்தம் ஒட்டும். பட்டி கனமாக இருக்கும் இடத்தில் பிடிக்காமல் நழுவும். பம்பர் போன்ற பிளாஸ்டிக் பாகத்தில் ஒட்டாது. அதைக் கண்டு பயப்பட வேண்டாம். டிக்கியைத் திறந்து, உபரிச் சக்கரத்தைத் தூக்கிப் பார்த்தால், வண்டியின் உண்மை வயது தெரிந்துவிடும்.

சட்டம் என்ன சொல்கிறது?

சொந்தக் காரின் பதிவு 15 ஆண்டுக்குச் செல்லும். பிறகு வண்டியைப் போக்குவரத்து அலுவலகத்தில் காட்டி, தகுதி உண்டு என்று மெய்ப்பித்து, ஐந்தைந்து ஆண்டாகப் புதுப்பிக்கலாம். 600 ரூபாயாக இருந்த புதுப்பிப்புக் கட்டணம் 2022 ஏப்ரல் முதல் 5,000 ரூபாய் ஆயிற்று. 20 ஆண்டு கடந்த கார்களுக்கு 2025 ஆகஸ்டில் அது 10,000 ரூபாய் ஆக உயர்த்தப்பட்டது. ஆகவே பழைய காரை வைத்துக்கொள்வதா, விடுவதா என்று ஒவ்வொரு குடும்பமும் கணக்குப் போட வேண்டியிருக்கிறது.

வெட்டக்கூடாத இடம் ஒன்றும் உண்டு. சேஸிஸ் எண் பொறித்திருக்கும் தகடு! அதைத் தொடக்கூடாது. அந்த இடத்திலேயே துரு வந்துவிட்டால், வேலை தொடங்கும் முன் போக்குவரத்து அலுவலகத்தில் கேட்டுக்கொள்வதே நல்லது. இல்லையென்றால் திருட்டு வண்டியோ என்ற சந்தேகத்துக்கு இடமாகும்.

எல்லாக் காரையும் காப்பாற்றிவிட முடியுமா? முடியாது. சக்கரத்தைத் தாங்கும் கட்டைகளும், ஸ்பிரிங் பிடிக்கும் இடங்களும், அடிச் சட்டங்களும் இற்றுவிட்டால், அந்த வண்டிக்கு விடை கொடுப்பதுதான் அறிவு. பழைய வண்டிகளை முறைப்படி உடைப்பதற்கான கொள்கையை மத்திய சர்க்கார் 2021-ல் அறிவித்தது. பதிவு பெற்ற உடைப்பு நிலையத்தில் கொடுத்து, அதற்கான சான்றிதழைக் கையில் வாங்கிக்கொள்ள வேண்டும்.

எது தேறும், எது தேறாது என்று நேர்மையாகச் சொல்லத் தெரிந்தவர்தான் உண்மையான மேஸ்திரி.

உழைக்கும் கைக்கு மதிப்பு

குற்றம் முழுவதும் டிங்கர்மேல் சுமத்தத் தகுமா?

தகாது! "சீக்கிரம் வேண்டும், மலிவாக வேண்டும், பளபளப்பாக வேண்டும்" என்று கேட்பவர்தான் பட்டியை வரவழைக்கிறார். வெட்டி, வளைத்து, வெல்டு வைத்த வேலை கடைசியில் பெயிண்டுக்கு அடியில் மறைந்துவிடுகிறது. கண்ணுக்குத் தெரியாத வேலைக்குக் கூலி கொடுக்க மனம் வருவதில்லை. அதனால் நேர்மையான தொழிலாளி நஷ்டப்படுகிறார். பூசி மறைப்பவர் பிழைத்துக்கொள்கிறார்.

அந்தத் தொழிலாளியின் உடம்பையும் யாராவது நினைக்க வேண்டாமா? வெல்டிங் ஒளி கண்ணைக் கெடுக்கும். துத்தநாகம் பூசிய தகட்டில் வெல்டு வைக்கும்போது எழும் புகை காய்ச்சலை உண்டாக்கும். பட்டி தேய்க்கும் தூசியும் பெயிண்டு ஆவியும் நுரையீரலுக்குப் பகை. கறுப்புக் கண்ணாடி, முகமூடி, கையுறை, காற்றோட்டம் நான்கும் ஆடம்பரம் அல்ல; தொழிலின் கருவிகள். முதலாளி வாங்கிக் கொடுக்க வேண்டும். தொழிலாளி மாட்டிக்கொள்ள வேண்டும்.

சர்க்காருக்கும் ஒரு கடமை உண்டு. தொழிற்பயிற்சி நிலையங்களின் பாடத் திட்டத்தில் கார் உடம்பைப் பழுதுபார்ப்பதற்கும், வண்ணம் பூசுவதற்கும் தனித்தனிப் பிரிவுகள் இருக்கின்றன. அம்பத்தூரிலேயே சர்க்கார் தொழிற்பயிற்சி நிலையம் இருக்கிறது. பள்ளியை விட்டுச் சின்ன வயதிலேயே சுத்தியல் பிடித்தவர்கள், பகலில் வகுப்புக்குப் போக முடியாது. அவர்களுக்காக மாலையில் குறுகிய கால வகுப்பு நடத்தினால் என்ன? கையில் இருக்கும் திறமைக்கு ஒரு சான்றிதழ் கொடுத்தால் என்ன? பழையதைப் பழுதுபார்க்கத் தெரிந்த கை, நாட்டுக்கு ஒரு சொத்து.

அந்தக் குடும்பம் என்ன செய்தது?

பட்டறையில் நின்ற கணவனும் மனைவியும் என்ன முடிவு செய்யலாம்? மேஸ்திரியின் பதிலைக் கேட்ட பிறகு வழி ஒன்றுதான்.

"வெட்டியே எடுத்துவிடுங்கள் அண்ணே. பெண் பார்க்க நாங்கள் பஸ்ஸிலேயே போய்க்கொள்கிறோம்" என்று அந்த அம்மாள் சொல்லிவிட்டால், அதைவிட நல்ல முடிவு வேறு இல்லை. பெண் வீட்டார் காரைப் பார்த்தா சம்பந்தம் செய்யப் போகிறார்கள்?

வீட்டுக் கூரையில் ஒழுக்கு, கணக்கில் ஒரு பிசகு, பிள்ளையிடம் ஒரு கெட்ட பழக்கம் என்று குடும்பத்தில் வருகிற துரு பலவகை. எல்லாமே முதலில் கடலைப் பருப்பு அளவுதான் இருக்கும். மேலே பூசினால் அன்றைக்கு அழகாகத் தெரியும்.

ஆனால் பூச்சு மறைப்பது பார்ப்பவர் கண்ணைத்தான். துருவுக்குக் கண் கிடையாது. வாய் மட்டும்தான் உண்டு. அது தின்றுகொண்டே இருக்கும்.

கொப்புளம் கண்ட அன்றே திறந்து பார்க்க வேண்டும். கெட்டதை வெட்டி, நல்லதை வைத்து இணைக்க வேண்டும். காருக்கும் அதுதான் வைத்தியம். குடும்பத்துக்கும் அதுதான் வைத்தியம்!